தொடாமல் எழுதிய சீட்டு

"மூஞ்சிய மட்டும்தாம்மா காட்டுவேன். ஆமான்னா ஆமா, இல்லேன்னா இல்ல. அழறதெல்லாம் வெளியில போய் வச்சுக்க" என்றபடி பிணவறைக்காரர் துணியை மோவாய் வரை இழுத்து நிறுத்தினார்.

அவள் பார்த்தாள். அப்பாதான். மேலுதடு ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. ஏதாவது ஒரு சாமானைக் கையில் வாங்கி, "ம்ஹூம், இது நேத்துப் பொறந்தது" என்று சொல்லப்போகும்போது தூக்குமே, அப்படி.

"ஆமா" என்றாள்.

"எங்கண்ணன்தாங்க" என்று சித்தப்பா பின்னாலிருந்து சேர்த்துக்கொண்டார், அவள் சொன்னது போதாது என்பதுபோல.

துணியை மூடும்போது வலது கை வெளியே சரிந்தது. யாரோ கழுவியிருந்தார்கள். ஆனால் விரல் நுனிகள் மட்டும் செம்மஞ்சளாக இருந்தன, நகக்கண் உட்பட. ரத்தமில்லை. காய்ந்த ரத்தம் கறுத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். இது துரு. அவள் கையை நீட்டினாள்.

"தொடக்கூடாது!" பிணவறைக்காரர் கையைத் துணிக்குள் தள்ளினார். "ஸ்டேஷன்ல பேப்பர் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் இவரு சர்க்காரு சொத்து."

"உசுரோட இருந்த அறுபத்திரண்டு வருஷமும் சர்க்காருக்கு இவரைத் தெரியாது" என்றார் சித்தப்பா. "செத்ததும் சொத்தாயிட்டாரு."

பிணவறைக்காரருக்கு இதெல்லாம் தினமும் கேட்கிற வசனம்.

சித்தப்பாவின் லோடு வண்டியில்தான் ஸ்டேஷனுக்குப் போனார்கள். திரும்பும்போது அப்பாவை ஏற்ற வேண்டும் என்பதால் பின்னாலிருந்த சிமெண்டுத் தூளைக் காலையிலேயே கழுவிவிட்டிருந்தார். ஈரம் இன்னும் காயவில்லை.

"பாப்பா, அங்க போய் வக்கீல் மாதிரி பேசாதே" என்றார் ஓட்டிக்கொண்டே. "மியூசியம் ஏற்கெனவே வந்து உக்காந்திருக்கான். நீட்டின எடத்துல கையெழுத்துப் போடு. நாலு மணிக்குள்ள அண்ணனை வீட்டுக்குக் கொண்டு போகணும். செத்தவனைக் காக்க வைக்கக்கூடாது."

"உயிரோட இருக்கறவரைக் காக்க வைக்கலாமா சித்தப்பா?"

அவர் கியரை மாற்றினார்.

மியூசியம் என்பது சித்தப்பா வைத்த பெயர். அப்பா கடைசிவரை "ஐயா" என்றுதான் சொன்னார். ஐயாவுக்குப் பழைய இந்தியக் கை ஆயுதங்கள்மேல் பைத்தியம். சாதாரண வாள், ஈட்டியெல்லாம் அவருக்குப் பிடிக்காது. விரலில் மாட்டிக்கொண்டு கிழிக்கிற புலிநகம், இரண்டு மான்கொம்பை எதிரெதிராகக் கட்டிய மடு, கைத்தடிக்குள் ஒளிந்திருக்கும் கத்தி, தேள்கொடுக்குபோல வளைந்த பிச்சுவா. இப்படி எதைப் பார்த்தாலும் "இது என்னது?" என்று கேட்கவைக்கிற சாமானாக இருக்க வேண்டும். வாங்குவது அவர். அது என்ன, எந்தக் காலத்தது, எத்தனை கை மாறியது, நிஜமா போலியா என்று கண்டுபிடிப்பது அப்பா. புத்தகத்தில் வருவது ஐயாவின் பெயர். அரத்தூளும் எண்ணெயும் அப்பாவுடையவை.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாமானைக் கையில் வாங்கினால் முதலில் எடை பார்ப்பார், பிறகு மோந்து பார்ப்பார், கண்ணுக்கு வேலை கடைசியில்தான். "பழைய துரு உள்ளேயே அடங்கிக் கெடக்கும், தொட்டாலும் கையில வராது. புதுத் துரு ஓட்டவாய், தொட்டவன் விரல்லயெல்லாம் சொல்லிட்டுப் போகும்" என்பார். உப்புத்தண்ணீரும் புளிப்பும் ஊற்றி ஒரே மாதத்தில் கிழடாக்கிய இரும்பெல்லாம் அவர் கட்டைவிரலிடம் மாட்டிக்கொண்டுதான் போயிருக்கிறது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது கண்ணாடிப் பெட்டிகளுக்குச் சீட்டு எழுத ஆள் வேண்டும் என்று ஐயா சொன்னார். கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று அப்பா அவளைக் கூட்டிப்போனார். சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு சாமானாக அவள் கையில் வைப்பார். "தொடாம எழுதாதே. எழுதறவ கையும் அதைத் தெரிஞ்சுக்கணும்" என்பார். அவள் தொடுவாள், பிறகு எழுதுவாள். ஆயிரத்துக்கு மேல் சீட்டுகள். அத்தனையும் அவள் கையெழுத்து.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. அப்பா உள்ளே போனதும் ஐயா வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சாமான் வெளியே போய்விடக் கூடாதாம். ஜன்னலுக்கும் கம்பி. சனிக்கிழமைகளில் அவளையும் சேர்த்தே பூட்டினார். ஒருமுறை சிறுநீர் முட்டிக்கொண்டு வந்து அவள் கதவைத் தட்டினாள். ஐயா மாடியில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம் தட்டினாள். அடுத்த சனிக்கிழமை மூலையில் காலி பெயிண்ட் டப்பா ஒன்று இருந்தது, மூடியோடு. அப்பா அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பட்டம் வாங்கி வந்த பிறகுதான் கேட்டாள். "உங்களை என்ன நாயின்னு நெனச்சாராப்பா?" அப்பா சிரித்தார். "நாயை வெளியிலதான் கட்டுவாங்க, டீச்சரு."

ஸ்டேஷன் வராந்தாவில் மியூசியம் எழுந்து வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"வாம்மா. மனசைத் தேத்திக்க. என் வலது கையே போன மாதிரி இருக்கு." சித்தப்பாவைப் பார்த்து, "நீ கொஞ்சம் அப்படி உக்காருப்பா" என்றார். சித்தப்பா நகர்ந்து போய் உட்கார்ந்தார். மியூசியத்தின் குரல் இறங்கியது. "இன்ஸ்பெக்டருக்கு இந்தச் சாமானெல்லாம் ஒண்ணும் தெரியாது. அந்த மூவாய்க் கட்டாரி பழசுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா எழுதி முடிச்சிடுவாரு. சீட்டு எழுதினது நீதானே. பத்து நாள்ல புத்தகத்துக்குப் படம் பிடிக்க வெளிநாட்டுலேருந்து வராங்க. அது ஸ்டேஷன்ல கெடந்து வீணாப்போகக் கூடாது."

"எப்படி ஆச்சு சார்?"

"என்னத்தைச் சொல்ல. நான் தூங்கிட்டேன். அவனா அந்தக் கட்டாரியை நோண்டியிருக்கான், மணிக்கட்டை அறுத்துடுச்சு. ரத்தம் நீர்க்கறதுக்கு மாத்திரை வேற சாப்பிடறவன். நின்னாத்தானே?"

அவள் அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார், குரலில் சர்க்கரை குறைந்திருந்தது. "அந்தக் கட்டாரியை உங்கப்பன் முழுசாக்கிக் கொடுத்த மாசம்தான் பள்ளிக்கூடக் கமிட்டியில உன் பேரு மேல வந்துச்சு. நீ என்னமோ மார்க்குன்னு நெனச்சுக்கிட்டு இருப்பே. ரெண்டையும் நான் மறக்கல. நீயும் மறக்காதே."

அவளுக்கு அந்தச் சீட்டு எழுதிய சாயங்காலம் ஞாபகம் வந்தது.

போன வருஷம், நேர்முகத் தேர்வுக்கு முந்தின சாயங்காலம். அப்பா வெறுங்கையோடு வந்து, "ஒரு சீட்டு எழுதணும்" என்றார். "சாமான் எங்கப்பா?" "கனமா இருக்கு, தூக்கிட்டு வர முடியல. நான் தொட்டுட்டேன்ல, நீ எழுது." சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லச்சொல்ல அவள் எழுதினாள். மூவாய்க் கட்டாரி. எஃகு. சுமார் முந்நூறு ஆண்டுகள் பழைமையானது. மிக அரியது. எந்தக் கட்டாரியும் ஒரு கிலோவைத் தாண்டாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மறுநாள் நேர்முகத் தேர்வு. தலைக்குள் முழுக்கத் தனிம அட்டவணை. எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆயிரம் சீட்டுகளில் அவள் தொடாமல் எழுதியது அது ஒன்றுதான். அப்பா வேண்டுமென்றேதான் கொண்டுவரவில்லை. தொட்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

உள்ளே மேஜைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் அது கிடந்தது. உறையில் ரைட்டர் எழுதி ஒட்டியிருந்தார். 'கத்தி, ஒன்று. (ஒரு மாதிரியானது.)'

இன்ஸ்பெக்டர் களைத்திருந்தார். "உக்காரும்மா. விஷயம் இவ்வளவுதான். நூறு வருஷம் தாண்டினதுன்னா இது பழம்பொருள், ஐயா வீட்ல வச்சிருந்தது தப்பில்ல, சாவு விபத்து. புதுசுன்னா இது ஆயுதம். லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தால ஒரு சாவுன்னு எழுதணும், அது வேற கதை. நிபுணர் அடுத்த வாரம்தான் வருவாரு. அதுவரைக்கும் உங்கப்பாவும் கெடப்பாரு. உங்களுக்கு இதெல்லாம் அத்துப்படின்னு ஐயா சொல்றாரு. சீட்டும் பார்த்தேன்." கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்த சீட்டை முன்னால் வைத்தார். அவள் கையெழுத்து, மணிமணியாக.

"எழுதினது நீங்கதானே?"

"ஆமா."

"அப்போ பழசுதான்?"

சித்தப்பா கதவோரம் நின்று தலையை மேலும் கீழும் ஆட்டினார். சொல்லிடு, சொல்லிடு.

"தொட்டுப் பார்க்கணும்" என்றாள்.

"கைரேகை எடுத்தாச்சு சார், தொடலாம்" என்று ரைட்டர் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையை நீட்டினார்.

மியூசியம் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். "எதுக்கும்மா அதெல்லாம்? ரத்தம் கித்தம் இருக்கு."

அவள் உறையைப் பிரித்தாள். ஏணிப்படிபோல இரண்டு குறுக்குக் கம்பிகள், அவற்றை முஷ்டியில் பிடித்துக் குத்துகிற கத்தி. முதலில் எடை. முன்பாரம் அதிகம். கைப்பிடியில் தங்கக் கம்பி தேய்ந்த கோடு, அது நிஜம், பல கை பிடித்தது. அலகு அதனோடு சேரவில்லை. கிழவன் தோளில் இளவட்டத்தின் தலையை வைத்ததுபோல இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். ரத்தத்துக்கு அடியில் புளிப்பு. அலகின் மேல் கட்டைவிரலை ஒருமுறை இழுத்தாள். வெள்ளைக் கையுறையின் நுனி செம்மஞ்சளானது.

அதைத் திருப்பி இன்ஸ்பெக்டருக்குக் காட்டினாள். "கைப்பிடிதான் சார் பழசு. அலகு போன வருஷத்துது. எங்கப்பா செஞ்சது."

"பாப்பா!" என்றார் சித்தப்பா.

"என்ன உளர்றே?" மியூசியம் எழுந்தார். "நீதானே எழுதினே?"

"தொடாம எழுதினேன். அது என் தப்பு." இரண்டு கம்பிகளையும் சேர்த்து அழுத்தினாள். விறைப்பு பயங்கரமாக இருந்தது, இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. அலகு நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் விரிந்தது. உள்ளிருந்து மெல்லிய மூன்றாவது அலகு நீட்டியது. ரைட்டர் நாற்காலியோடு பின்னுக்குப் போனார்.

"உள்ள இருக்கறது பைக் கிளட்ச் ஸ்பிரிங் சார். பழைய காலத்து வில்லா இருந்தா ஒரு கீறலோட விட்டிருக்கும்."

பிளந்த அலகின் உட்புறத்தில், மூடினால் கண்ணில் படாத இடத்தில், அரம் போட்ட பளபளப்பு. அதற்கு இடதுபக்கம் உளியால் கொத்திய இரண்டு எண்கள் மிஞ்சியிருந்தன. 2, 0. அடுத்திருந்த இரண்டையும் அரம் தின்றுவிட்டிருந்தது. 2இன் வால் நீண்டு மேலே சுழன்றிருந்தது. அவள்தான் அப்படி எழுதுவாள். சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு எண்கள் மட்டும் வரையத் தெரிந்திருந்தது. பொய்யைச் செய்து, அதன் வயிற்றுக்குள்ளேயே செய்த வருஷத்தையும் கொத்தி வைத்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "முந்நூறு வருஷம்னா பதினேழுன்னு இல்ல ஆரம்பிக்கணும்?" நிமிர்ந்தார். "யாரு அழிச்சது?"

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றார் மியூசியம். முகம் சிவந்து, ஒரு நொடியில் வேறு முகமாக மாறியது. "புரிஞ்சுபோச்சு. அவனே செஞ்சிருக்கான், அவனே பழசுன்னு என் தலையில கட்டியிருக்கான். படம் பிடிக்க ஆளு வரான்னதும் மாட்டிக்குவோம்னு பயந்து, நான் தூங்கற நேரமாப் பார்த்துப் போய் அழிச்சிருக்கான். முப்பது வருஷம் சோறு போட்டேன் சார்! அப்பனும் மகளுமா சேர்ந்து ஏமாத்தியிருக்காங்க."

சித்தப்பா அவளைப் பார்த்த பார்வையில், போதுமா, என்ற கேள்வி இருந்தது.

அவள் கட்டாரியின் கம்பிகளை விடவில்லை.

"நேத்துக் கதவை யாரு சார் திறந்தது?"

"எந்தக் கதவு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்பா இருந்த ரூம் கதவு. அந்த ரூமுக்குள்ள அப்பாவால தானாப் போக முடியாது, தானா வரவும் முடியாது. உள்ள விட்டு வெளியில பூட்டறவரு இவரு. என்னையும் பூட்டியிருக்காரு, பன்னெண்டு வயசுல. அப்பா திருட்டுத்தனமாப் போய் அழிச்சாருன்னா, பூட்டினது யாரு?"

இன்ஸ்பெக்டர் ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் தாள்களைப் புரட்டினார். "டிரைவர் வாக்குமூலம் சார்... அஞ்சு மணிக்குக் கதவடியில ஈரம் தெரிஞ்சுதாம். மாடிக்குப் போய் ஐயாவை எழுப்பி, சாவி வாங்கிட்டு வந்து திறந்தேன்னு சொல்லியிருக்காரு." கொஞ்சம் நிறுத்தினார். "டாக்டர் மூணு மணின்னு எழுதியிருக்காரு. அப்புறம்... கதவோட உள்பக்கம்..."

"உள்பக்கம் என்னய்யா?"

ரைட்டர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "கை, சார். கதவு முழுக்கக் கை."

சித்தப்பா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

மியூசியம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பாதுகாப்பு என்றார், வழக்கம் என்றார், அவனே ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லையே என்றார். கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை.

"அழிக்கச் சொன்னது நீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மியூசியத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. விரிந்த கட்டாரியை அவள் மெதுவாக விட்டாள். படக்கென்று மூடிக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் ஒருமுறை துள்ளினார்கள்.

"அந்தத் தாளைக் கிழிய்யா. புதுசா எழுது" என்றார் இன்ஸ்பெக்டர். மியூசியத்திடம், "நீங்க இருங்க, போக வேண்டாம்" என்றார். பிறகு அவளிடம், கொஞ்சம் தயங்கி, "உங்கப்பா பேரும் இதுல வரும்மா. செஞ்சவர்னு. நாளைக்கு யாராவது கள்ளச்சாமான் செஞ்சவன்னு சொன்னா..."

"வரட்டும் சார். செஞ்சவருதானே" என்றபடி கையுறையைக் கழற்றினாள்.

கையெழுத்துப் போட்டாள். பேப்பரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் சித்தப்பா ஸ்டீயரிங்கைக் குத்தினார். "நல்லாப் பண்ணிட்டே. ஊரே உங்கப்பனைக் கைராசிக்காரன்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு. இப்ப போலீஸ்ல போலிச்சாமான் பண்றவன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கே. பள்ளிக்கூடக் கமிட்டியில அவன்தான் இருக்கான், உன் வேலையும் போச்சு. இதுக்கா அவன் உன்னைப் படிக்க வச்சான்?"

"இந்த வேலைக்காகத்தான் சித்தப்பா அவரு அதைச் செஞ்சாரு."

"என்னது?"

அவள் இரண்டு வரியில் சொன்னாள். அவர் சாவியைத் திருகினார். வண்டி உறுமிவிட்டு நின்றது. மறுபடி திருகவில்லை. எதிரே பழக்கடைக்காரர் தார்ப்பாயை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டு கேட்டார். "வெளியிலேர்ந்தா பூட்டுவான்?"

"முப்பது வருஷமா."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"யாருகிட்டயும் சொல்லல."

அவர் முகத்தைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். பிணவறை வாசலில் இறங்கி, பின்பக்கம் ஏறி, காய்ந்துபோன வண்டித் தட்டை மறுபடி ஒருமுறை கையாலேயே துடைக்க ஆரம்பித்தார்.

பிணவறைக்காரர் பேப்பரைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். "எழுதும்மா. பேரு, வயசு, அங்க அடையாளம், பெற்றுக்கொண்டவர். எல்லாத்தையும் ரெண்டு பிரதி."

அவள் பேனாவை எடுத்தாள். வைத்தாள்.

"பார்த்துட்டு எழுதறேன்."

"காலையிலதானே பார்த்தே?"

"தொடலை."

அவர் அலுத்துக்கொள்ள வாயைத் திறந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து போய்த் துணியை விலக்கினார். இந்த முறை மோவாயில் நிறுத்தவில்லை. இடது மணிக்கட்டில் தையல் போட்டிருந்தார்கள், சாக்கு தைக்கிற மாதிரி பெரிய பெரிய தையல். இரண்டு உள்ளங்கைகளின் அடியும், சுண்டுவிரல் பக்கமும், தட்டித் தட்டி நீலம் பாய்ந்து வீங்கியிருந்தன.

அவள் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் எடை பார்ப்பதுபோல அப்படியே வைத்திருந்தாள். பிறகு கட்டைவிரலால் அவர் கட்டைவிரலை ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள்.

"லேட்டாகுதும்மா" என்றார் பிணவறைக்காரர், சத்தமில்லாமல்.

திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினாள். மணிமணியாக, ஒவ்வொரு கட்டத்திலும். 2இன் வால் வழக்கம்போல நீண்டு சுழன்றது. எழுதி முடித்ததும் தாளை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

பிணவறைக்காரர் நகலைக் கிழித்தார். ஓரத்தில் செம்மஞ்சளாக ஒரு விரல்தடம் இருந்தது. அழுக்கு என்று நினைத்துப் பெருவிரலால் தேய்த்தார். அது போகவில்லை. அவர் விரலிலும் ஒட்டிக்கொண்டது.